யூதத் தெருவிலிருந்து திருக்காட்கரைக்கு

கொச்சியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் மட்டாஞ்சேரியை அறியாதார் இலர். நம்முள் சிலருடைய பாட்டனார் அங்கே மிளகுக் கிடங்கில் கணக்கெழுதினார். சிலருடைய தந்தையார் மூட்டை சுமந்தார். ஃபோர்ட் கொச்சியில் வேளி மைதானத்தை அடுத்த சலவைத்துறையில் இன்றும் தமிழ்க்குரல் கேட்கிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களை முதலில் அழைத்துச் செல்வதும் மட்டாஞ்சேரிக்குத்தான். அரண்மனையைக் காட்டிவிட்டு, அதை ஒட்டிய ஜூ டவுன் தெருவுக்குள் நுழைவோம். சுக்கும் மிளகும் மணக்கும் அத்தெருவின் கோடியில் 1568 ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயம் நிற்கிறது. உறவினர் தரையில் பதித்த சீனத்து ஓடுகளைப் பார்ப்பர். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளைப் பார்ப்பர். பிறகு ஏலக்காய் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிடுவர்.

அவ்வாலயத்துக்கு உரிய செல்வங்களுள் தமிழர்க்கு மிக நெருங்கியது ஓடும் அன்று, விளக்கும் அன்று, செப்பேடு ஒன்று. சேரப் பெருமாள் பாஸ்கர இரவிவர்மன், கி.பி. 1000 ஆம் ஆண்டை ஒட்டி, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்த ஆவணம் அது. அரசன் அப்பொழுது முயிரிக்கோட்டில் இருந்தான். நாம் முசிறி என்று படித்த ஊரின் பிற்காலப் பெயர் இது என்பர். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று அவ்வுரிமைகள் அடுக்கப்பட்டுள்ளன. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, மலையாளம் தனிமொழியாக முகிழ்த்துவந்த காலத்து மேலைத் தமிழ். கொடுங்கல்லூர்ப் பக்கத்திலிருந்து யூதர் கொச்சிக்குப் பெயர்ந்தபோது செப்பேடும் அவர்களோடு வந்தது.

அச்செப்பேட்டைப் படித்தவர் யாவர் என்று நாம் சிறிது ஆராய்ந்தபோது ஓர் உண்மை நம்மை உறுத்தியது. 1806 ஆம் ஆண்டளவில் கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் கொச்சிக்கு வந்தார். யூதரிடமிருந்து எபிரேயக் கையெழுத்துச் சுவடிகளைத் திரட்டினார். செப்பேட்டுக்குச் செம்பிலேயே ஒரு படி எடுக்கச் செய்தார். அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன. 1844 இல் அறிஞர் குண்டர்ட் அதனை மொழிபெயர்த்து ஆராய்ந்து எழுதினார். அக்கட்டுரை சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் இடம்பெற்றது. பின்னர் ஹுல்ட்ஷ் கல்வெட்டு இதழில் அதைப் பதிப்பித்தார். தெருவுக்குள் இருந்த ஏட்டைக் கற்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது. அப்பல்கலைக்கழகம் கடலுக்கு அப்பால் இருந்தது.

இது தனித்த ஒரு நிகழ்ச்சியும் அன்று. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, டச்சுக்காரர் ஆண்ட கொச்சியில், ஹென்றிக் வான் ரீடு என்னும் ஆளுநர் மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெருநூலைத் தொகுப்பித்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது; எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடி கொடி மரங்கள் படங்களோடு அதில் உள்ளன. அச்செடிகளின் பெயரும் பயனும் சொன்னவர் யார்? இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவர். அவர்கள் தத்தம் எழுத்தில் தந்த சான்றுரைகள் நூலின் தொடக்கத்திலேயே அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதன் எழுதியது கோலெழுத்து. அது நம் வட்டெழுத்தின் வழிவந்தது. அறிவு இவ்வூரதாக இருந்தது. நூல் இலத்தீனில் இருந்தது. பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003 இல் வெளியிட்டது. கொச்சி வைத்தியர் சொன்னது கேரளத்தார் எளிதிற் படிக்கும் வடிவில் திரும்பி வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கே கல்வி இல்லை என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. கொடுங்கல்லூர்க் கோவிலகத்தின் குருகுலமும், வானநூல் வல்ல மலையாள ஆசிரியர் பரம்பரையும் பெரியன. ஆயினும் அவை பிறப்பால் வாயில் அடைத்த கல்விக்கூடங்கள். மூட்டை சுமப்பவன் மகன் உள்ளே புகும் வழி அங்கில்லை. யாருடைய மகனும் புகலாம், யாவருடைய வரிப்பணத்திலும் நடக்கலாம், கண்டதை யாவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்னும் அமைப்பையே பொதுப் பல்கலைக்கழகம் என்கிறோம். கொச்சிக்கு அது வந்த கதை நெடியது.

1845 இல் எர்ணாகுளத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கிற்று. அது 1875 இல் கல்லூரியாக உயர்ந்து, பின்னர் மகாராஜா கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆனால் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. பாடம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் தருவதும் 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம். கொச்சி மாணவன் எர்ணாகுளத்தில் படித்துச் சென்னையின் வினாத்தாளுக்கு விடை எழுதினான். மேற்கொண்டு சட்டமோ பிறிதொன்றோ கற்க விரும்பின் வண்டியேறிச் சென்னைக்கே போகவேண்டும்.

அவ்வாறு போனவர்களுள் ஜூ டவுனைச் சேர்ந்த ஒருவரை நாம் ஈண்டு நினைத்தல் வேண்டும். ஆபிரகாம் பராக் சேலம் 1882 இல் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் பயின்று, பின்பு சென்னை சென்று சட்டப் பட்டம் பெற்றார். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று சொல்லப்பட்ட பிரிவினர் அவர். அப்பிரிவில் முதற்பட்டதாரியும் அவரே. சென்னைப் பட்டத்தோடு திரும்பிய அவ்வழக்கறிஞர்க்குத் தம் தெருக்கோடி ஆலயத்தில் பெஞ்சில் அமர உரிமை இல்லை. அவர் அறவழியில் நின்று போராடினார். கொச்சிச் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். 1929 இல் லாகூர்க் காங்கிரசுக்கும் சென்றுவந்தார். யூத காந்தி என்று மக்கள் அவரை அழைத்தனர். 1967 இல் அவர் மறைவதற்குள் ஆலயத்துப் பழைய தடைகள் பெரிதும் தளர்ந்திருந்தன. தெரு அவருக்குக் கொடாத இருக்கையைக் கல்வி கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்காக அவர் எத்துணைத் தொலைவு போகவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே எண்ணல் வேண்டும்.

1937 இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தில் தோன்றியது. நம்மவர் அதனை மறக்க இயலாது. அழகப்பச் செட்டியார் நன்கொடையால் அங்கே தமிழ்த்துறை வலுப்பெற்றது. பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை அங்கே பணியாற்றினார். நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் அங்கே தமிழ்த்துறைக்குத் தலைமை ஏற்று, மொழியியல் துறையையும் உருவாக்கினார். 1981 இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்தபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே ஆனார். மலையாள நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழுக்குச் செய்த உதவி இவ்வளவு.

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 இல் இணைந்தன. 1956 இல் கேரளம் பிறந்தது. 1957 இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு என மூன்றிடத்தும் அது கிளைத்தது. எர்ணாகுள நிலையத்தில் சட்டம், இந்தி, இயற்பியல், மேலாண்மை, கடலியல் போன்ற துறைகள் 1960களில் ஒவ்வொன்றாக வேர்கொண்டன. கோழிக்கோட்டுக் கிளை 1968 இல் தனிப் பல்கலைக்கழகமானது. எர்ணாகுளத்தின் முறை 1971 இல் வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி கொச்சிப் பல்கலைக்கழகம் பிறந்தது.

அப்போது அச்சுத மேனன் முதலமைச்சர். அறிவுக்கூடங்களை அமைப்பதில் அவ்வரசு காட்டிய ஆர்வம் பெரிது. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆராய்ச்சி மையமும் அக்காலத்தில் எழுந்ததுதான். கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அழைக்கப்பட்டவர் ஜோசப் முண்டசேரி. அவர் பொறியாளரல்லர், அறிவியல் ஆய்வாளருமல்லர். மலையாளத்தின் தலைசிறந்த திறனாய்வாளர். இளமையில் இயற்பியல் பட்டம் பெற்றவர். பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழியும் மலையாளமும் கற்றவர். திருச்சூரில் நெடுநாள் ஆசிரியர். 1957 இல் கேரளத்தின் முதல் கல்வியமைச்சராகி, தனியார் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரடியாக ஊதியம் தர வழிசெய்யும் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். அதை எதிர்த்து மாநிலமே கொந்தளித்தது. 1959 ஜூலை 31 இல் அவ்வமைச்சரவை கலைக்கப்பட்டது. கல்வியைப் பொதுமையாக்க முயன்று பதவி இழந்த ஒருவரைப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகத்தின் தலைவாயிலில் நிறுத்தியது காலம். தொழில்நுட்பக் கழகத்துக்கு இலக்கியத் திறனாய்வாளர் ஏன் என்று சிலர் வினவுவர். எந்த அறிவு யாருக்காக என்னும் கேள்வியைக் கேட்டுப் பழகியவர் ஒருவர் தொடக்கத்தில் இருந்தது நன்றே என்பது நம் கருத்து.

பல்கலைக்கழகத்தின் இயல்பைச் சட்டமே ஓரளவு வரையறுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளைக் கட்டிக்கொண்டு, ஆண்டு முழுவதும் வினாத்தாள் அச்சடிக்கும் கழகமாக அது எண்ணப்படவில்லை. முதுகலைக் கல்வியும் உயராய்வும் அதன் முதற்பணி. தொழில், வணிகம், பயன்பாட்டு அறிவியல் ஆகியவற்றில் நாட்டுக்கு வேண்டியதைச் செய்வது அதன் நோக்கம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களை அறிந்த நம் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சட்டென்று விளங்குவதில்லை. ‘அங்கே பி.ஏ. உண்டா?’ என்று கேட்டு, இல்லை என்றதும் வேறிடம் தேடியோர் நம்முள் பலர்.

இப்பல்கலைக்கழகத்தின் துறைகளுள் கொச்சிக்கே உரியது கடலியல். அதன் வேர் 1930களின் இறுதியில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கடல்வாழ் உயிரியல் துறை. அது பின்னர் எர்ணாகுளத்துக்குப் பெயர்ந்து, காயற்கரையில் நிலைகொண்டது. கொச்சி அதற்குத் தக்க இடம். இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் 1920 இல் வந்து, துறைமுக வாயிலை அடைத்திருந்த மணற்றிட்டை வெட்டி ஆழமாக்கி, தோண்டிய மண்ணைக்கொண்டு வில்லிங்டன் தீவையே வளர்த்தெடுத்திருந்தார். 1928 இல் பெருங்கப்பல் உட்புகுந்தது. மணல் ஏன் அங்கே சேர்கிறது, மழைக்காலத்தில் கடற்கரையில் சேறு திரண்டு அலை அடங்கி மீன் குவியும் ‘சாகர’ ஏன் தோன்றுகிறது, காயல் நீர் எம்மாதத்தில் எவ்வளவு உவர்க்கிறது என்பன வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. அவற்றை நம்பியே இவ்வூர் உண்கிறது.

1960 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. அப்பேராய்வின்போது கப்பல்கள் வலையிட்டு எடுத்த நுண்ணுயிர் மிதவைகளைப் பிரித்து ஆராயும் இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் 1962 இல் கொச்சியில் அமைந்தது. செப்பேட்டின் படி கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று. செடிகள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போயின. இம்முறை பல நாட்டுக் கப்பல்களின் சேகரங்கள் கொச்சிக்கு வந்தன. இவ்வொன்றை எண்ணும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சியை மறைப்பானேன்? அம்மையம் பின்னர்த் தேசியக் கடலியல் நிறுவனத்தின் கிளையாயிற்று. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957 முதலே இங்கிருந்தது. நம் இராமநாதபுரத்து மண்டபத்தில் நெடுநாள் இயங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், கொச்சிப் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1971 இல் தன் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. ஆக, பல்கலைக்கழகம் தனிமரமாய் எழவில்லை. ஆய்வுக்கூடங்களின் தோப்பொன்றின் நடுவே எழுந்தது.

இறாலைப் பற்றி ஒரு சொல். பேராசிரியர் சி. வி. குரியன் போன்றோர் இங்கே இறாலையும் அடிக்கடல் உயிர்களையும் ஆராய்ந்தனர். இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பருவத்தில், வேலியேற்றத்தோடு காயலுக்குள் வந்து வளர்கிறது. பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகிறது. ஆகவே காயலின் கழுத்தை அடைத்தால் கடலின் மடி வற்றும். குட்டநாட்டு நெல்லை உப்புநீரிலிருந்து காக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டிமுடித்தபோது, நெல்லுக்கு வந்த நன்மையோடு மீனுக்கும் இறாலுக்கும் வந்த கேட்டை எடுத்துக்காட்டியவர்கள் இத்தகைய ஆய்வாளர்களே. அரசு பணம் கொடுக்கும் ஆய்வுக்கூடம் அரசு கட்டிய அணையின் குறையைச் சொல்வதே பொதுப் பல்கலைக்கழகத்தின் உரைகல்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் கதையை இவ்விடத்தில் சொல்லலாம்; பெயர் வேண்டா. அவருடைய தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் கணக்கராக அமர்ந்தவர். 1970களின் நடுவில் மகன் பட்டப்படிப்பை முடித்து, கடல்வாழ் உயிரியலில் முதுகலை சேர விரும்பினான். தந்தையார்க்குச் சினம். “ஏலே, கடலப் பாக்கதுக்குப் பரீட்சையா? வங்கியிலே எழுத்தர் வேலைக்கு எழுதுலே” என்றார். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. கட்டணத் தொகையைக் கேட்டபின்னரே அவர் சற்றுத் தணிந்தார். அது அவர் அஞ்சியதில் ஒரு பங்குகூட இல்லை. மகன் நாள்தோறும் மட்டாஞ்சேரித் துறையில் படகேறி எர்ணாகுளம் போய்வந்தான். ஒருநாள் தந்தையையும் அழைத்துப் போய், ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் அடியில் இறாற்குஞ்சு ஒன்றைக் காட்டினான். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் அணிந்து, நெடுநேரம் குனிந்து பார்த்த பெரியவர், “இந்தத் தூசிக்கா இத்தன காலு?” என்று மட்டும் கேட்டாராம். அதன்பின் வங்கித் தேர்வைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் களமசேரியை அடுத்த திருக்காக்கரையில் உள்ளது. இப்பெயரைக் கேட்டு ஒன்றும் தோன்றாதவர், அதைத் திருக்காட்கரை என்று தமிழில் எழுதிப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவர். நம்மாழ்வார் பாடிய மலைநாட்டுத் திருப்பதிகளுள் ஒன்று அது. வாமனன் கோயில், ஓணத்தின் பிறப்பிடம் என்று மலையாளிகள் போற்றும் தலம். கோயிலில் சேரப் பெருமாள்கள் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஜூ டவுன் செப்பேட்டின் உடன்பிறப்புகள் என்றே அவற்றைச் சொல்லலாம். இரண்டுக்கும் இடையே இன்றைய சாலை வழியில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்.

வளாகம் அங்கே அமைந்ததற்குக் காரணம் ஆழ்வாரல்லர், அருகிலிருந்த ஆலைகள். பெரியாற்றின் கரையில் ஏலூர், உத்யோகமண்டல் பகுதியில் உரத் தொழிற்சாலை 1940களிலேயே இயங்கத் தொடங்கியது. அலுமினியம், வேதிப்பொருள், பூச்சிமருந்து என்று ஆலைகள் பெருகின. களமசேரியில் பொறி உற்பத்தி. அம்பலமுகளில் 1966 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு. 1972 இல் கொச்சிக் கப்பல் கட்டும் தளம். மலைநாட்டில் ரப்பர்த் தோட்டங்கள். ஆகவே பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு வேதியியலும், ரப்பர்த் தொழில்நுட்பமும், மின்னணுவியலும் வளர்ந்தன. 1975 இல் கப்பல் தொழில்நுட்பத் துறை எழுந்தது. இந்தியாவில் கப்பல் வடிவமைப்பைப் பாடமாகக் கற்பிக்கும் இடங்கள் மிகச் சிலவாக இருந்த காலம் அது. கொச்சித் தளத்தில் கட்டிய முதல் பெருங்கப்பல் ‘ராணி பத்மினி’ 1981 இல் வெளிவந்தது.

ஆலைகளுக்குத் துணையாகப் பிறந்த கழகம் ஆலைகளின் அழுக்கையும் அளக்க நேர்ந்தது. பெரியாற்று நீரிலும் சேற்றிலும் படிந்த உலோகங்களைக் கணக்கிட்ட ஆய்வேடுகள் இங்கிருந்து பல வந்துள்ளன. அளந்தவுடன் ஆறு தூயதாகிவிடவில்லை. 2024 மே மாதத்தில் பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்து மிதந்ததை நாமெல்லாம் செய்தித்தாளில் கண்டோம். ஆய்வேடு ஓர் அலமாரியிலும் ஆறு வேறொரு திசையிலும் போவது நம் நாட்டுப் பழைய நோய். அதற்குப் பல்கலைக்கழகத்தை மட்டும் குறைகூறுதல் முறையன்று.

1986 இல் புதிய சட்டம் வந்து, கொச்சிப் பல்கலைக்கழகம் ‘கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்’ ஆயிற்று. மக்கள் வாயில் ‘குசாட்’. பெயர் குறுகியதேயன்றிக் கழகம் குறுகவில்லை. 1960களிலிருந்தே வேரூன்றிய சட்டத்துறை அங்கேயே இருக்கிறது, இந்தித்துறை இருக்கிறது, மேலாண்மைத் துறை இருக்கிறது, ஜெர்மனும் பிரெஞ்சும் ஜப்பானியமும் கற்பிக்கும் அயல்மொழித் துறையும் இருக்கிறது. வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ள ஊரில் வட்டெழுத்தைக் கற்பிக்கும் தமிழ்த்துறை ஒன்று எழவில்லையே என்னும் ஏக்கம் நமக்கு உண்டு. அது நம் ஏக்கம். அக்கழகத்தின் சட்டம் அதை வாக்களிக்கவுமில்லை.

பின்னர் வந்த வளர்ச்சியை விரித்தெழுதினால் பட்டியலாகிவிடும். ஒளிக்கற்றை ஆராய்ச்சி ஓங்கியது. குட்டநாட்டில் புளிங்குன்னில் 1999 இல் பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2017 இல் வளிமண்டல ஆராய்ச்சிக்கென 205 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் ராடார் ஒன்று திருக்காக்கரை வளாகத்தில் திறக்கப்பட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட ஏந்திகள் ஒரு கூரையின்மேல் வரிசையாய் நின்று வானத்தை நோக்குகின்றன. தலைக்குமேல் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எத்திசையில் எவ்விரைவில் ஓடுகிறது என்று அவை இடைவிடாது காட்டுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பெருநிலத்தை முதலில் தொடும் கரை இது. அக்காற்றை நம்பித்தான் அரபு நாட்டு மரக்கலங்களும், யோசேப்பு ரப்பானின் முன்னோரும் இக்கரைக்கு வந்தனர்.

கழகத்தின் நடையையும் சொல்லவேண்டும். கட்டடமும் துறையும் மட்டும் பல்கலைக்கழகம் அல்லவே. கேரளத்துப் பொதுக் கல்விக்கூடங்களுக்கே உரிய வாதமும் முழக்கமும் சுவரொட்டியும் இங்கும் உண்டு. ஒழுக்கம் குன்றிற்று என்று நம்மவர் முகம் சுளிப்பர். ஆனால் 2023 ஜனவரியில் மாணவர் பேரவையின் கோரிக்கையை ஏற்று, மாதவிலக்கு நாட்களை எண்ணி மாணவியர்க்கு வருகைப் பதிவில் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு விழுக்காடு கூடுதல் சலுகையை இக்கழகம் அளித்தது. சின்னாட்களில் மாநில அரசு பிற பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரித்தது. முழக்கமிடும் பிள்ளைகளிடமிருந்து வந்த விதி அது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று வளாகத்துத் திறந்தவெளி அரங்கில் நடந்த தொழில்நுட்ப விழாவின்போது நெரிசல் உண்டாகி, படிக்கட்டில் விழுந்து மிதியுண்டு நான்கு இளையோர் உயிர் நீத்தனர். வாயில் ஒன்றே, கூட்டமோ பெருங்கூட்டம். பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்க்கு அந்நாளின் நினைவு ஆறாது.

கட்டணத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதுவோம். பழைய துறைகளில் இன்றும் ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கலாம். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் பெருகிய தன்னிதிப் பொறியியற் பாடங்களுக்கு அவ்வாறு சொல்ல இயலாது. மூட்டை சுமப்பவன் மகனுக்கும் திறந்த வாயில் என்று மேலே எழுதினோம். அவ்வாயிலின் ஒரு கதவு மெல்லச் சாய்கிறது என்பதையும் எழுதாவிடில் இக்கட்டுரை அரைகுறையே. நம் குடும்பங்களில் பெண்ணை முதுகலைக்கு அனுப்புவதா, அவள் திருமணத்துக்குச் சேர்ப்பதா என்று கணக்குப் போடும் இரவுகள் இன்றும் உள்ளன. அக்கணக்கில் கட்டணத் தொகையே முதல் வரி. பொதுப் பணத்தால் நடக்கும் துறை ஒன்று அருகிலிருப்பதும் இல்லாதிருப்பதும் அவ்வீட்டின் வரலாற்றையே மாற்றிவிடும். நுழைவுத்தேர்வின் வழியே வேற்று மாநிலத்தார்க்கும் இங்கே இடமுண்டு. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வரும் நம் தம்பி தங்கையர் பிள்ளைகளுக்கும் இச்செய்தி பயன்படும். விண்ணப்பிக்கும் பருவம் ஆண்டின் தொடக்கத்தில் வருகிறது. பத்தாம் வகுப்பிலிருந்தே பெற்றோர் இதை எண்ணிவைத்தல் நலம்.

ஜூ டவுனில் இன்று யூதர் பெரும்பாலும் இல்லை. 1948 க்குப் பிறகு, 1950களில் மிகுதியாக, அவர்கள் இஸ்ரேலுக்குப் போயினர். தங்கியிருந்தோரும் ஒவ்வொருவராய் மறைந்தனர். 2019 இல் சாரா கோகன் அம்மையார், 2024 இல் குவீனி ஹலேகுவா அம்மையார். மிளகுக்கு முன்பேர ஏலம் கூவிய சந்தையின் ஓசையும் அடங்கிவிட்டது. நாம் மேலே சொன்ன அன்பரின் தந்தையார் கணக்கெழுதிய சுக்குக் கிடங்கில் இப்போது பழம்பொருள் கடை நடக்கிறது. அன்பர் மீன்வள ஆராய்ச்சியில் பணியாற்றி ஓய்வுபெற்றுவிட்டார். அவர் பேத்தி திருக்காக்கரையில் படிக்கிறாள். 2017 இல் ஓடத்தொடங்கிய மெட்ரோ ரயிலுக்கு அப்பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அவள் இறங்குமிடம் அதுவே. சென்ற ஓணத்துக்கு முன் அவளும் தோழியரும் திருக்காக்கரைக் கோயிலுக்குப் போய்க் கல்லெழுத்துகளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தனராம். பாட்டனாரிடம் காட்டி, “தாத்தா, இதுல ‘க’ எது?” என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. இருவரும் சங்க நூலகத்துக்கு வந்து வட்டெழுத்து அட்டவணை கேட்டனர்; நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.